யாருக்கு, எந்த வேலை, எவ்வளவு நேரம்

என்னைக் கூப்பிடுகிறவர்கள் அநேகமாக ஒரே மாதிரித்தான் தொடங்குவார்கள். "மிஸ், சிஸ்டம் சரியான ஸ்லோ. ஒருக்கா வந்து பார்க்கேலுமா?" திருகோணமலையில் இருந்துகொண்டு, மெதுவாகிப்போன தரவுத்தளங்களைச் சரிசெய்து கொடுப்பதும் அதையே பிள்ளைகளுக்குப் படிப்பிப்பதும் என் தொழில். ஒரக்கிள், போஸ்ட்கிரெஸ், மைஎஸ்கியூஎல் என்ற மூன்று தரவுத்தள மென்பொருள்களிலும் வேலை வரும். கொழும்புக்கும் யாழ்ப்பாணத்துக்கும் மட்டக்களப்புக்கும் அடிக்கடி போகிறேன். எங்கள் ஊரில் இருந்தே இப்படியொரு தொழில் செய்யலாமா என்று கேட்கிற பிள்ளைகள் கூடிவிட்டார்கள். அவர்களுக்குச் சொல்வதை இங்கே எழுதுகிறேன்.

"ஸ்லோ" என்ற முறைப்பாட்டை அப்படியே ஏற்றுக்கொண்டு வேலையைத் தொடங்கக் கூடாது. யாருக்கு ஸ்லோ? எந்தத் திரையில், எந்தப் பட்டனை அமத்திய பிறகு? எவ்வளவு நேரம் எடுக்கிறது? எவ்வளவு எடுத்தால் உங்களுக்குச் சரி? எப்போதிருந்து? இந்த ஐந்துக்கும் பதில் எழுத்தில் வந்த பிறகுதான் நான் பஸ் ஏறுவேன். பதிலுக்குப் பதிலாக சிபியூ வரைபடமும் கேஷ் ஹிட் வீதமும் (கேட்ட தரவு டிஸ்க்குக்குப் போகாமல் நினைவகத்திலேயே கிடைத்த வீதம்) அனுப்பி வைக்கிறவர்கள் உண்டு. அவற்றையும் பார்ப்பேன், ஆனால் பிறகு. கேஷ் ஹிட் வீதம் 99 என்று பளிச்சென்று காட்டிக்கொண்டிருக்கும்போதே கவுன்டரில் ஆட்கள் காத்து நிற்பார்கள். தேவையில்லாத ஒரு வேலையை நினைவகத்துக்குள்ளேயே ஆயிரம் தடவை செய்தாலும் அந்த வீதம் உயரத்தான் செய்யும்.

மட்டக்களப்புப் பக்கம் ஒரு தனியார் கிளினிக். நோயாளியின் அடையாள அட்டை இலக்கத்தை அடித்தால் பழைய பதிவு வரவேண்டும். அது சுற்றிக்கொண்டே நிற்கிறது என்று முறைப்பாடு. நான் போவதற்கு முன்பே சேர்வருக்கு இரண்டு மடங்கு நினைவகம் வாங்கிப் போட்டிருந்தார்கள். ஒன்றும் மாறவில்லை. சேர்வர் அறைக்குப் போக முன்னம், பதிவு மேசையில் இருந்த அக்காவுக்குப் பக்கத்தில் ஒரு கதிரையைப் போட்டுக்கொண்டு காலை முழுவதும் இருந்தேன். அவர் ஒரு விஷயம் சொன்னார்: "தங்கச்சி, வயசான ஆக்களுக்கு உடனே வந்திடும். இளம் பிள்ளையளுக்குத்தான் சுத்திக்கொண்டு நிக்கும்."

அதை அவர் ஏற்கனவே பலரிடம் சொல்லியிருக்கிறார். ஒருவரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. கணினிக்கு நோயாளியின் வயது எப்படித் தெரியும் என்று விட்டுவிட்டார்கள். உண்மையில் தெரிந்துதான் இருந்தது. எங்கள் நாட்டின் பழைய அடையாள அட்டையில் 9 இலக்கங்களும் கடைசியில் வி அல்லது எக்ஸ் என்ற எழுத்தும் இருக்கும். 2016 முதல் கொடுக்கப்படும் அட்டையில் 12 இலக்கங்கள், எழுத்து இல்லை. அந்த எழுத்துக்காகத்தான் அட்டவணையில் அந்த இலக்கத்துக்கான பத்தி (நெடுவரிசை) சொற்களுக்கான வகையில் வைக்கப்பட்டிருந்தது. புதிய அட்டை வந்தபோது மென்பொருளைத் திருத்தியவர்கள், முழுவதும் இலக்கமாக இருந்தால் அதை எண்ணாகவே அனுப்பும்படி எழுதிவிட்டார்கள். மேற்கோள் குறி இல்லாமல் எண் போனால், மைஎஸ்கியூஎல் பத்தியில் உள்ள ஒவ்வொரு பெறுமானத்தையும் எண்ணாக மாற்றித்தான் ஒப்பிடும். புத்தகத்தின் கடைசியில் இருக்கும் சொல்லடைவு போல, தேடும் வரியை உடனே காட்டுவது இண்டெக்ஸ். அங்கே அது பயன்படாது. அட்டவணை முழுவதையும் முதல் வரியில் இருந்து கடைசி வரி வரை வாசிக்கும். பழைய அட்டைக்கு மட்டும் எழுத்து இருந்ததால் மேற்கோள் குறியோடு போனது, இண்டெக்ஸ் வேலை செய்தது.

குவெரி என்பது தரவுத்தளத்திடம் கேட்கும் கேள்வி. நேரமெடுக்கும் குவெரிகளைப் பதிந்துவைக்கும் ஸ்லோ குவெரி லொக் இதை ஏன் காட்டவில்லை என்று அங்கே இருந்த ஐடி தம்பி கேட்டார். லொக்கை அவர் போட்டுத்தான் வைத்திருந்தார், அது வெறுமையாக இருந்தது. மைஎஸ்கியூஎல்லில் அதன் எல்லை, நாம் மாற்றாவிட்டால், 10 செக்கன். இந்தத் தேடல் எடுத்தது 9 செக்கன் அளவு. காத்திருக்கிற நோயாளிக்கு 9 செக்கன் என்பது நீண்ட நேரம், லொக்குக்கு அது ஒன்றுமே இல்லை. எல்லையை 1 செக்கனுக்குக் குறைத்ததும் கொஞ்ச நேரத்திலேயே அந்தக் குவெரி வரிசையாக வந்து விழுந்தது. மென்பொருள் எழுதியவர்களைக் கூப்பிட்டு, இலக்கத்தை எப்போதும் சொல்லாகவே அனுப்பச் செய்தோம். அதோடு சரி.

எந்த நிறுவனத்துக்குப் போனாலும் பயனாளருக்குப் பக்கத்தில் அரை நாளாவது இரு என்று என் பிள்ளைகளுக்கு நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதனால்தான். காத்திருக்கிறவருக்குத் தெரிந்தது வேறு எந்த அறிக்கையிலும் இல்லை. எப்போது ஸ்லோ, யாருக்கு ஸ்லோ, எதற்குப் பிறகு ஸ்லோ என்று அவர்கள் நாள் முழுக்கப் பார்த்துக்கொண்டே இருக்கிறார்கள். கேட்கத்தான் ஆள் இல்லை.

கேட்டு முடிந்த பிறகு அளக்க வேண்டும். ஒரு வேலைக்கு 9 செக்கன் போகிறது என்றால், அந்த 9 செக்கனும் எங்கே எங்கே போகிறது என்று பிரித்துப் பார்க்க வேண்டும். ஒரக்கிளில் வெயிட் ஈவென்ட் என்ற வசதி 1990களில், 7ஆம் பதிப்போடு வந்தது. டிஸ்க்குக்காகக் காத்திருந்தது எவ்வளவு, பூட்டுக்காகக் காத்திருந்தது எவ்வளவு, வலைப்பின்னலுக்காக எவ்வளவு என்று அது பிரித்துச் சொல்லும். 10ஜி பதிப்பில் இருந்து, வேலையில் இருக்கும் செஷன்கள் (தரவுத்தளத்தோடு உள்ள இணைப்புகள்) என்ன செய்கின்றன என்று செக்கனுக்கு ஒரு தடவை பதிந்துகொள்ளவும் செய்கிறது. போஸ்ட்கிரெஸ்ஸிலும் மைஎஸ்கியூஎல்லிலும் இதற்கு ஈடான வசதிகள் இப்போது உண்டு. எந்தப் பகுதியில் நேரம் கூடப் போகிறதோ அங்கேதான் கை வைக்க வேண்டும். 9 செக்கனில் அரைச் செக்கன் எடுக்கும் ஒன்றை எவ்வளவு திறமையாகத் திருத்தினாலும், மேசையில் இருக்கும் அக்காவுக்கு வித்தியாசம் தெரியப்போவதில்லை.

இதில் ஒரு நடைமுறை விஷயம். ஒரக்கிள் தன் வேலைப்பளுவைத் தானே பதிந்துவைக்கும் ஏடபிள்யூஆர் என்ற வசதி வழமையாக மணித்தியாலத்துக்கு ஒரு தடவை நிலைமையைப் பதிந்து 8 நாள் வைத்திருக்கும். "போன மாசக் கடைசியில் சம்பளம் போடும்போது ஸ்லோவாக இருந்தது" என்று இரண்டு கிழமை கழித்துச் சொன்னால் சாட்சி அழிந்துபோயிருக்கும். நான் போகும் இடத்தில் எல்லாம் அதை 35 நாளாவது வைத்திருக்கச் சொல்லிவிடுவேன். அப்போதுதான் ஒரு மாத முடிவை அடுத்த மாத முடிவோடு ஒப்பிடலாம். அப்புறம், ஏடபிள்யூஆரைப் பாவிக்கத் தனியான லைசன்ஸ் வேண்டும். அது இல்லாத இடத்தில் ஸ்டாட்ஸ்பாக் என்ற பழைய கருவி காசில்லாமல் கிடைக்கிறது. லைசன்ஸ் இருக்கிறதா என்று கேட்காமல் அறிக்கையை எடுக்காதீர்கள். வாடிக்கையாளருக்குப் பெரிய பில் வந்து சேரும்.

காத்திருப்பு ஏன் திடீரென்று கூடுகிறது என்பது பலருக்கு விளங்குவதில்லை. வகுப்பில் நான் கிண்ணியாப் பாதையைச் சொல்வேன். பாதை என்று நாங்கள் சொல்வது, வாகனங்களை ஏற்றிக்கொண்டு நீரைக் கடக்கும் மிதவையை. 2009இல் பாலம் திறக்கும் வரை வாகனங்கள் பாதையில் ஏறித்தான் அக்கரைக்குப் போகும். கடக்கும் நேரம் கொஞ்சம்தான், கரையில் வரிசையில் நின்ற நேரம்தான் கூட. தரவுத்தளத்திலும் ஒரு வேலைக்குப் போகும் நேரம் என்பது செய்யும் நேரமும் வரிசையில் நிற்கும் நேரமும் சேர்ந்தது. வேலையைச் செய்து கொடுக்க ஒரேயொரு இடம் மட்டும் இருக்கும் எளிய வரிசைக் கணக்கில், அது 50 வீதம் வேலையில் இருந்தால் மொத்த நேரம் செய்யும் நேரத்தைப் போல 2 மடங்கு. 80 வீதத்தில் 5 மடங்கு. 90 வீதத்தில் 10 மடங்கு. நேற்றுவரை நன்றாக ஓடியது, இன்றைக்குப் பத்துப் பேர் கூட வந்ததும் விழுந்துவிட்டது என்று சொல்பவர்கள் பொய் சொல்லவில்லை. அந்த வளைவின் செங்குத்தான பகுதிக்கு வந்துவிட்டார்கள், அவ்வளவுதான்.

நிலாவெளி, உப்புவெளிப் பக்கம் இருப்பவர்களுக்கு சீசன் என்றால் என்னவென்று சொல்லத் தேவையில்லை. சித்திரை, வைகாசியில் வெள்ளைக்காரர் வரத் தொடங்கினால் புரட்டாதி வரை அறைகள் நிறைந்திருக்கும். பிறகு வடகீழ்ப் பருவமழை வந்து கடற்கரையே வெறிச்சோடிவிடும். ஒரு ஹோட்டலில் ஒவ்வொரு வருஷமும் சீசன் தொடங்கிய பிறகு, கெஸ்ட் அறையைக் காலி செய்யும்போது பில் வர நேரமெடுத்தது. மாரியில் ஒரு பிரச்சினையும் இல்லை. ஆட்கள் கூடினால் அப்படித்தான் என்று எல்லோரும் பழகிப்போனார்கள்.

அது ஆட்கள் கூடியதால் மட்டும் வந்த மெதுவு அல்ல. ஒரக்கிள் ஒரு குவெரியை எப்படி ஓட்டுவது என்று தீர்மானிக்க, அட்டவணையைப் பற்றிய புள்ளிவிபரங்களைப் பார்க்கும். எத்தனை வரி, மிகச் சிறிய திகதி எது, மிகப் பெரிய திகதி எது என்பதெல்லாம் அதில் இருக்கும். வழமையான அமைப்பில், அட்டவணையில் 10 வீதத்துக்கு மேல் மாற்றம் வந்தால்தான் அந்தப் புள்ளிவிபரம் பழசு என்று கருதி இரவில் புதிதாக எடுக்கும். அந்த ஹோட்டலின் செலவுப் பதிவு அட்டவணையில் பத்துப் பதினைந்து வருஷத்துப் பதிவுகள் குவிந்திருந்தன. புதிய சீசனின் பதிவுகள் அந்த 10 வீதத்தைத் தொடவே இல்லை. ஆகவே இந்தக் கிழமைப் பதிவுகளைக் கேட்டால், புள்ளிவிபரத்தின்படி அந்தத் திகதிகளே இல்லை. இரண்டொரு வரிதான் வரும் என்று நினைத்து, இரண்டொரு வரிக்குப் பொருத்தமான பாதையில் போனது. மாரியில் உண்மையிலேயே கொஞ்ச வரிகள்தான் என்பதால் அந்தப் பிழையான பாதை ஒருவருக்கும் உறைக்கவில்லை. சீசனில் ஆயிரக்கணக்கான வரிகளை ஒவ்வொன்றாகப் போய்த் தேடியது. அந்த ஓர் அட்டவணைக்கு மட்டும் எல்லையை 10இல் இருந்து 1 வீதத்துக்குக் குறைத்துவிட்டு வந்தேன்.

இந்த மாதிரிப் பிரச்சினைகள்தான் எனக்கு இந்தத் தொழிலில் மிகவும் பிடித்தவை. ஊரின் காலநிலையும் வாழ்க்கையும் தரவுக்குள் வந்து கிடக்கின்றன. கொழும்பில் இருந்து ரிமோட்டில் பார்க்கும் ஒருவர் இதைக் கண்டுபிடிக்க முடியாது என்று சொல்லவில்லை. ஆனால் மாரியில் கடற்கரை எப்படி இருக்கும் என்று தெரிந்த ஒருவருக்கு விரைவாகப் பொறி தட்டும்.

யாழ்ப்பாணத்தில் ஒரு வியாபார நிறுவனம் சேர்வரைத் தங்கள் கட்டடத்தில் இருந்து சிங்கப்பூரில் உள்ள கிளவுட்டுக்கு மாற்றியது. முன்னதைவிடப் பலமான இயந்திரம், ஆனால் விலைச்சீட்டுத் திரை திறக்கவே மாட்டேன் என்றது. அந்தத் திரை ஒரு பெரிய குவெரிக்குப் பதிலாக ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு சிறு குவெரியாக 300 அனுப்பிக்கொண்டிருந்தது. பக்கத்து அறையில் சேர்வர் இருந்தபோது ஒன்றுக்கு ஒரு மில்லி செக்கன்கூட எடுக்காது. கடல் கடந்து போய்வர 50 மில்லி செக்கன் என்று வைத்தால், 300 தடவைக்கு 15 செக்கன். இதற்கு எந்த இயந்திரம் வாங்கியும் பயனில்லை. 300ஐ ஒன்றாக்க வேண்டும்.

பயணத்தைப் பற்றிக் கேட்கிறார்கள். கொழும்புக்கு இரவு ரெயில் எனக்கு வசதி. இரவு திருகோணமலையில் ஏறினால் கந்தளாய், கல்லோயா, மாகோ என்று போய் விடியக் கொழும்புக் கோட்டையில் இறங்கலாம். தனியாகப் போகும் பெண் பிள்ளைகள் முன்கூட்டியே ஆசனம் பதிந்துகொள்ளுங்கள். யாழ்ப்பாணத்துக்கு ஹொரவப்பொத்தானை, வவுனியா வழியாக பஸ்தான். பஸ்ஸில் மடிக்கணினியைத் திறக்காமல், வாடிக்கையாளர் அனுப்பிய அறிக்கையைத் தாளில் எடுத்துக்கொண்டு பேனையோடு வாசிப்பேன். திரையில் கண் ஓடிவிடும் இடங்களில் தாளில் நின்று பார்க்கிறோம்.

2022இல் பயணம் நின்றே போனது. டீசல் இல்லை, மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணித்தியாலம் வரை கரண்ட் இல்லை. அப்போது நான் கண்ட ஒன்று இன்றைக்கும் பயமாக இருக்கிறது. ஓர் இடத்தில் போஸ்ட்கிரெஸ்ஸில் எஃப்சிங்க் என்ற அமைப்பை, வேகம் வேண்டும் என்பதற்காக யாரோ நிறுத்தி வைத்திருந்தார்கள். எழுதியது டிஸ்க்கில் உண்மையாகவே போய்ச் சேர்ந்ததா என்று உறுதிப்படுத்துவது அதுதான். அதை நிறுத்தினால் எழுதுவது வேகமாகும். கரண்ட் சட்டென்று போனால் தரவுத்தளமே சிதையலாம், மீட்க வழியும் இருக்காது. மைஎஸ்கியூஎல்லிலும் இதற்கு ஈடாக ஒன்று உண்டு: கொமிட் செய்யும்போது (ஒரு கொடுக்கல் வாங்கலை முடித்து உறுதிசெய்யும்போது) அதன் பதிவான லொக்கை டிஸ்க்குக்குத் தள்ளும் அமைப்பை 1இல் இருந்து 2க்கு மாற்றினால், கரண்ட் போகும் நேரம் கடைசி ஒரு செக்கன் அளவிலான கொடுக்கல் வாங்கல் தொலையக்கூடும். காசு கட்டிய ஒருவரின் பதிவு அந்தச் செக்கனில் இருக்கலாம். வேகத்துக்காகப் பாதுகாப்பைக் கொடுப்பதை நான் ஒருபோதும் பரிந்துரைப்பதில்லை. வாடிக்கையாளர் கேட்டாலும் இல்லை.

சனிக்கிழமைகளில் உவர்மலையில் ஓர் அறையை வாடகைக்கு எடுத்து வகுப்பு நடத்துகிறேன். மூதூர், கிண்ணியா, தம்பலகாமம், குச்சவெளி என்று தூரத்தில் இருந்தெல்லாம் பிள்ளைகள் வருகிறார்கள். உயர்தரத்தில் ஐசிடி (தகவல் தொழில்நுட்பம்) படித்தவர்களுக்கு அட்டவணை, முதன்மைச் சாவி எல்லாம் நன்றாகத் தெரியும். ஆனால் பாடத்தில் வரும் அட்டவணையில் ஐந்தாறு வரிதான் இருக்கும். ஐந்து வரியில் எல்லாக் குவெரியும் வேகம்தான். அதனால் முதல் வகுப்பிலேயே அவரவர் மடிக்கணினியில் போஸ்ட்கிரெஸ்ஸைப் போட்டு, பத்து இலட்சம் வரிகளைத் தாங்களே உருவாக்கச் செய்வேன். ஜெனரேட் சீரிஸ் என்ற ஒரு கட்டளை போதும். பழைய மடிக்கணினியும் தாங்கும்.

பிறகு ஒரு குவெரியைப் பலகையில் எழுதுவேன். ஓட்ட முன்னம் எத்தனை வரி வரும், எந்தப் பாதையில் போகும் என்று ஒவ்வொருவரும் கொப்பியில் எழுத வேண்டும். எழுதிய பிறகுதான், குவெரி உண்மையில் எப்படி ஓடியது என்று காட்டும் எக்ஸ்பிளெயின் அனலைஸ் கட்டளை. மூதூர்ப் பிள்ளை ஒருத்தி, திகதிக்கு இண்டெக்ஸ் போட்டும் அது ஏன் முழு அட்டவணையையும் வாசிக்கிறது என்று விடாமல் வாதாடினாள். நான் பதில் சொல்லவில்லை. திகதி எல்லையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து ஓட்டிப் பார்க்கச் சொன்னேன். பாதி வரிகளைக் கேட்டபோது முழு வாசிப்பு, ஒரு நாளை மட்டும் கேட்டபோது இண்டெக்ஸ். எங்கே மாறுகிறது என்று தானே தேடிப் பிடித்தாள். இண்டெக்ஸ் வழியாகத் துள்ளித் துள்ளி வாசிப்பதற்கும் ஒழுங்காக வாசிப்பதற்கும் போஸ்ட்கிரெஸ் வெவ்வேறு விலை வைத்திருக்கிறது என்று அப்புறம் காட்டினேன். வழமையில் துள்ளி வாசிக்கும் ஒரு பக்கத்துக்கு 4, ஒழுங்காக வாசிக்கும் ஒரு பக்கத்துக்கு 1. அவளிடம் இருந்தது எஸ்எஸ்டி, அதாவது துள்ளி வாசித்தாலும் அதிகம் தாமதிக்காத சுழலாத டிஸ்க், என்பதால் அந்த 4ஐ 1.1 ஆக்கிப் பார்க்கச் சொன்னேன். மாறும் இடமும் நகர்ந்தது. இப்படிப் படித்தது மறக்காது.

குவெரி போகும் பாதையைக் காட்டும் பிளானை வாசிக்கும்போது ஒன்றை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள். எத்தனை வரி வரும் என்று அது மதிப்பிட்டது ஒரு பக்கம் இருக்கும், உண்மையில் வந்தது இன்னொரு பக்கம் இருக்கும். உள்ளே இருந்து வெளியே வாசித்துக்கொண்டு வந்து, இரண்டும் முதன்முதலில் எங்கே பெரிதாக விலகுகின்றனவோ அங்கே நில்லுங்கள். பெரும்பாலும் பிழை அங்கேதான். இன்னொன்று, எக்ஸ்பிளெயின் அனலைஸ் குவெரியை உண்மையாகவே ஓட்டும். டிலீட்டுக்கு முன்னால் அதைப் போட்டால் வரிகள் அழிந்துவிடும். முன்னால் பிகின் என்ற கட்டளையைப் போட்டு, பார்த்து முடிந்ததும் ரோல்பேக் செய்து மாற்றங்களைத் திரும்பப் பெறுங்கள். வாடிக்கையாளரின் சேர்வரில் அதைக்கூடச் செய்யாதீர்கள், பிரதியில் செய்யுங்கள்.

அனுமதி விஷயத்தில் நான் கண்டிப்பு. வாசிக்க மட்டும் உரிமையுள்ள கணக்கு ஒன்று போதும் என்று முதல் நாளே எழுதிக் கேட்பேன். மாற்றங்களை அங்கே வேலை செய்யும் ஒருவரே தன் கையால் செய்ய வேண்டும், நான் பக்கத்தில் இருப்பேன். பாக்கப் இருக்கிறதா என்று கேட்பது போதாது. அதை வேறொரு இயந்திரத்தில் மீட்டுப் பார்த்தது எப்போது என்று கேளுங்கள். அந்தக் கேள்விக்குப் பதில் வராத இடத்தில் முதல் வேலை அதுதான், வேகம் பிறகு.

கூடவே ஓர் ஆளைக் கேட்டு வாங்குவதும் முக்கியம். கிளினிக்கின் ஐடி தம்பி நான் அங்கே இருந்த மூன்று நாளும் என்னோடு இருந்தார். இப்போது அவர் எனக்கு எழுதும்போது குவெரி, பிளான், மேசையில் ஆட்கள் சொன்னது எல்லாம் சேர்ந்தே வரும். பாதி நேரம் பதிலும் அவரே எழுதியிருப்பார். இப்படிச் செய்தால் உனக்கு வேலை குறையுமே என்று சகதொழிலாளர்கள் கேட்கிறார்கள். குறையவில்லை. அவர் தன் நண்பர்களின் நிறுவனங்களுக்கு என் பெயரைச் சொல்லி அனுப்புகிறார்.

கூலியைப் பற்றியும் சொல்லவேண்டும், ஏனென்றால் எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் அதைக் கேட்கக் கூச்சப்படுகிறார்கள். அந்தக் கிளினிக்கின் முகாமையாளர் பில்லைப் பார்த்துவிட்டு, "ரெண்டு மேற்கோள் குறி போட்டதுக்கா இவ்வளவு?" என்று கேட்டார். நான் கோபப்படவில்லை. வாங்கிப் போட்ட நினைவகத்தின் விலையையும் மேசையில் ஒரு காலையில் ஆட்கள் காத்து நின்ற நேரத்தையும் எழுதிக் காட்டினேன். கொடுத்தார். இப்போதெல்லாம் தொடங்க முன்னமே பேசிவிடுகிறேன்: பயணச் செலவும் பாதிக் கூலியும் முற்பணம், மீதி வேலை முடிந்து 30 நாளுக்குள். பில்லில் மணித்தியாலக் கணக்கு எழுதுவதில்லை. எந்த வேலை, யார் செய்வது, முன்பு எத்தனை செக்கன், இப்போது எத்தனை செக்கன் என்று நாலு வரி எழுதி, அந்த மேசையில் இருப்பவரின் கையொப்பத்தையும் வாங்கி இணைத்து அனுப்புகிறேன். அதற்குப் பிறகு பில்லைப் பற்றி ஒருவரும் கேள்வி கேட்டதில்லை.